டூர்மலின் கல்லோடு பழகியதில் தெரிந்துகொண்டவை

கோவையில் ஒரு சிறிய நகைப் பட்டறை நடத்துகிறேன். தங்கத்தில் கல் வைத்த தோடு, மோதிரம், பதக்கம் என்று ஆர்டரின் பேரில் செய்து கொடுப்பது தொழில். எங்கள் பக்கத்தில் கல் என்றால் வைரம், அதை விட்டால் சிவப்பு, பச்சை. அப்படிக் கேட்டு வருகிறவர்கள் முன்னால் டூர்மலின் பொட்டலம் ஒன்றையும் பிரித்து வைப்பது என் வழக்கம். "இது என்ன கல்லுக்கா, பார்த்ததே இல்லையே" என்று கையில் எடுப்பவர்கள் சீக்கிரம் கீழே வைப்பதில்லை. நவரத்தினத்தில் டூர்மலினுக்கு இடம் கிடையாது. அதனாலேயே நம் வீடுகளில் இந்தக் கல்லின் பேச்சு எழவில்லை என்று நினைக்கிறேன். எனக்கு இதைவிடப் பிடித்த கல் வேறில்லை. வாங்க நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் நிறம். மாணிக்கம் என்றால் சிவப்பு, மரகதம் என்றால் பச்சை. டூர்மலினில் அந்தக் கணக்கு இல்லை. இது போரானும் சிலிக்காவும் சேர்ந்த, அமைப்பில் ஒன்றுக்கொன்று நெருங்கிய கனிமங்களின் ஒரு குடும்பம். எந்த உலோகம் கொஞ்சம் உள்ளே கலந்ததோ அதைப் பொறுத்து நிறம் மாறும். இரும்பு கலந்தால் பச்சை, நீலம். நிறைய கலந்தால் கறுப்பு. மாங்கனீசு கலந்தால் இளஞ்சிவப்பு, சிவப்பு. குரோமியமோ வனேடியமோ சேர்ந்தால் கென்யா, தான்சானியாவில் கிடைக்கும் அடர்ந்த புல் பச்சை. செம்பு சேர்ந்தால் விளக்கு எரிகிற மாதிரி ஒரு நீலம். அதற்குத் தனியாக வருகிறேன். சிவப்புக்கு ரூபலைட், நீலத்துக்கு இண்டிகோலைட், பழுப்புக்கு டிராவைட், கறுப்புக்கு ஷோர்ல் என்று வியாபாரத்தில் பெயர்கள் உண்டு. இரண்டு நிறம் ஒரே கல்லில் இருந்தால் பைகலர். நிறமே இல்லாததும் உண்டு, அதை நகைக்கு யாரும் கேட்பதில்லை.

இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கல்லுக்கு ஒரு குணம் இருக்கிறது, அதைத் தெரிந்துகொள்ளாமல் காசு கொடுக்காதீர்கள். திசை மாறினால் நிறமும் மாறும்.

பட்டை தீட்டாத பச்சை டூர்மலின் ஒன்று என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. சுண்டு விரல் நீளம், பென்சில் பருமன். நெடுக மெல்லிய கோடுகள் ஓடும். நகத்தை வைத்துக் குறுக்கே இழுத்தால் தட்டும். முனையைப் பார்த்தால் வட்டமாக இருக்காது, பக்கங்கள் லேசாகப் புடைத்த முக்கோணமாக இருக்கும். ஜன்னல் பக்கம் படுக்கவைத்துப் பிடித்தால் தெளிவான பச்சை. அதையே நிமிர்த்தி, முனை வழியாக வெளிச்சத்தைப் பார்த்தால் கறுப்பு. ஒளி உள்ளே போவதே தெரியாது. அதே கல், அதே ஜன்னல்தான். ஒளி நீளவாக்கில் போகும்போது கல் அதை அதிகமாக விழுங்கிவிடுகிறது, குறுக்கே போகும்போது விட்டுக் கொடுக்கிறது.

பட்டை தீட்டுகிறவரின் கெட்டிக்காரத்தனம் முழுவதும் இதில்தான் வெளிப்படும். திருச்சியில் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டும் தொழில் பல தலைமுறையாக நடந்துவருகிறது. அங்கே சாணையில் உட்காரும் பெரியவர் ஒருவரிடம்தான் நான் கல்லை மறுமெருகுக்குக் கொடுப்பேன். பாய் என்று கூப்பிடுவேன். கல்லை வாங்கியதும் அவர் எடையைக் கேட்க மாட்டார், விளக்கின் முன்னால் நாலு பக்கமும் திருப்புவார். "கல்லைப் படுக்க வச்சுத்தாம்மா மேசை எடுக்கணும். நிக்க வச்சு எடுத்தா கரிக்கட்டை" என்பார். மேசை என்று அவர் சொல்வது கல்லின் மேல்முகப் பட்டையை. கடைகளில் பச்சை, நீல டூர்மலின் நீளச் செவ்வகமாகவே அதிகம் கிடைப்பதற்குக் காரணம் இதுதான். படிகமே நீளம். அந்த நீளத்திலேயே மேசை எடுத்தால் சேதாரமும் குறையும், நிறமும் திறக்கும்.

கடையில் நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: செவ்வகக் கல்லை மேலிருந்து பாருங்கள். இரண்டு ஓரமும் கறுத்துப்போய், நடுவில் மட்டும் ஒரு கீற்றுப் பச்சை தெரிந்தால், தீட்டியவர் முனைப் பக்கத்துப் பட்டைகளைச் சரியாகச் சாய்க்கவில்லை என்று அர்த்தம். விரலில் போட்டதும் அந்தக் கறுப்பு இன்னும் கூடும். இன்னொன்று, கல்லைச் செய்தித்தாள் மேல் வையுங்கள். நடுவே எழுத்துகளைப் படிக்க முடிந்தால் அடிப்பக்கத்தை ஆழம் இல்லாமல் தீட்டியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட கல்லில் ஒளி திரும்பி வராது, ஒழுகிப் போய்விடும். வட்டமோ முட்டை வடிவமோ வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். இந்தக் கல்லுக்குச் செவ்வகம் அழகு, அதிலும் மூலை வெட்டிய செவ்வகம்.

அடுத்து வெளிச்சம். ஜெய்ப்பூரில் ஜோஹரி பஜாரை ஒட்டிய கோபால்ஜி கா ராஸ்தா சந்துக்குப் போனால் ஒன்றைக் கவனிக்கலாம். பழைய வியாபாரிகள் காலையில், நேர்வெயில் படாத வடக்கு வெளிச்சத்தில், வெள்ளைக் காகிதத்தில் கல்லைக் கொட்டிப் பார்ப்பார்கள். விளக்குப் போட்டுக் காட்டுகிற கடையில் எந்தக் கல்லும் அழகுதான். சிவப்பு டூர்மலினில் இது ரொம்ப முக்கியம். பகலில் ராஸ்பெர்ரிச் சிவப்பாகத் தெரிகிற சில கற்கள் மஞ்சள் பல்பின் கீழே பழுப்படித்துவிடும். பகலிலும் இரவு விளக்கிலும் சிவப்புச் சிவப்பாகவே நிற்கிற கல்லைத்தான் தேர்ந்தவர்கள் ரூபலைட் என்று சொல்வார்கள். மற்றது பிங்க் டூர்மலின், அவ்வளவுதான். விலையிலும் அந்த வித்தியாசம் இருக்கும். எனவே கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வாருங்கள். அப்புறம் உள்ளே வந்து மஞ்சள் விளக்கின் கீழே பாருங்கள். கல்யாண மண்டபத்துக்குப் போட்டுக்கொள்ளத்தான் வாங்குகிறீர்கள் என்றால் இரண்டாவது பார்வைக்கே மதிப்பெண் அதிகம் கொடுங்கள்.

என்னிடம் வருகிற இளம்பெண்களுக்கு ரொம்பப் பிடித்தது வாட்டர்மெலன். பெயருக்கேற்றபடி நடுவில் இளஞ்சிவப்பு, சுற்றிலும் பச்சைத் தோல், சில கற்களில் இடையே வெளிறிய ஒரு வளையம். யாரும் சாயம் ஏற்றியதில்லை. பாறையின் குழிக்குள் படிகம் வளர வளர, அதற்குத் தீனியான கரைசலில் உலோகங்களின் அளவு மாறிக்கொண்டே வந்திருக்கிறது. முதலில் மாங்கனீசு, பிறகு இரும்பு என்று கிடைத்ததை வாங்கி வளர்ந்த கதை அந்தக் குறுக்குவெட்டில் பதிந்து கிடக்கிறது. இதைப் பட்டை தீட்டாமல் வில்லைகளாக அறுத்து, இரண்டு முகத்தையும் மெருகேற்றி விடுவார்கள். ஒரே படிகத்தில் அடுத்தடுத்து அறுத்த இரண்டு வில்லை கிடைத்தால் தோட்டுக்கு அதைப் போன்ற ஜோடி இல்லை. வில்லை வாங்கும்போது சிவப்பும் பச்சையும் சேருமிடத்தை லூப் என்கிற சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். உண்மைக் கல்லில் அந்த எல்லை படிகத்தின் வெளிவடிவத்தை ஒட்டியே போகும், உள்ளே சின்னச் சின்ன வெடிப்புகளும் இருக்கும். கண்ணாடியில் செய்த போலியில் இரண்டு சாயம் கலந்த மாதிரி நிறம் குழைந்திருக்கும், உருண்டைக் காற்றுக்குமிழ் தென்படும்.

இப்போது செம்பு நீலம். பிரேசிலின் பாராய்பா மாநிலத்தில், சாவோ ஜோசே தா பத்தாலியா என்ற ஊர்ப்பக்கம், ஹெய்டர் டிமாஸ் பார்போசா என்பவர் 1980களில் ஆட்களோடு ஒரு குன்றை வருடக்கணக்காகத் தோண்டினார். அங்கே ஏதோ கிடைக்கும் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது. 1980களின் முடிவில் அந்தக் கல் வெளியே வந்தபோது வியாபாரிகளே நம்பவில்லை. மங்கலான அறையிலும் உள்ளே விளக்கு வைத்ததுபோல மின்னுகிற நீலமும் பச்சையும். காரணம் செம்பு, டூர்மலினில் செம்பினால் வந்த நிறத்தை அதற்கு முன் யாரும் கண்டதில்லை. பாராய்பாவில் கிடைத்தது கொஞ்சம்தான். பிறகு நைஜீரியாவிலும் மொசாம்பிக்கிலும் செம்பு கலந்த டூர்மலின் கிடைத்தது. எங்கே கிடைத்தாலும் செம்பும் அந்த நிறமும் இருந்தால் பாராய்பா டூர்மலின் என்று பெரிய ஆய்வகங்கள் சான்றிதழில் எழுதுகின்றன, எந்த நாடு என்பதைத் தனியாகச் சொல்கின்றன. பிரேசில் கல்லுக்கு விலை கூடுதல்.

இதில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நல்ல பாராய்பா நடுத்தரக் குடும்பம் வாங்குகிற விலையில் இல்லை. "பாராய்பா கலர்" என்று சொல்லி யாராவது சில ஆயிரத்துக்குக் காட்டினால் அது அப்படைட் என்ற வேறு கல்லாக இருக்கலாம், சாதாரண நீல டூர்மலினாக இருக்கலாம், கண்ணாடியாகவும் இருக்கலாம். அப்படைட் பார்க்க அத்தனை அழகு, ஆனால் 1லிருந்து வைரத்தின் 10 வரை போகும் மோஸ் அளவில் கடினம் 5 தான். மோதிரத்தில் சீக்கிரம் கீறல் விழுந்துவிடும். ஆய்வகச் சான்றிதழ் இல்லாமல் பாராய்பா என்ற சொல்லுக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

கல்லைப் பற்றிய கதைகளில், பூமியின் நடுவிலிருந்து வானவில்லைக் கடந்து வந்ததால் எல்லா நிறமும் ஒட்டிக்கொண்டது, எகிப்தியர்கள் சொன்னார்கள் என்று விற்பனையாளர்கள் ஒன்று சொல்வார்கள். நான் அதைச் சொல்வதில்லை. நடந்த சங்கதிகளே அதைவிட நன்றாக இருக்கின்றன. 18ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் டச்சுக்காரர்கள் இலங்கையிலிருந்து கற்களைக் கொண்டுபோனார்கள். அங்கே சிங்களத்தில் தோரமல்லி என்று வழங்கிய பெயர்தான் ஐரோப்பாவில் டூர்மலின் ஆயிற்று. கல்லைச் சூடாக்கினால் சாம்பலை இழுப்பதைக் கண்டு, டச்சுக்காரர்கள் புகைக்குழாயிலிருந்து சாம்பல் எடுக்க அதைப் பயன்படுத்தினார்கள். சாம்பல் இழுப்பான் என்றே பெயரும் வைத்தார்கள். சூடு ஏறும்போதும் இறங்கும்போதும் படிகத்தின் இரண்டு முனையிலும் எதிரெதிர் மின்னூட்டம் உண்டாவதுதான் காரணம். அமுக்கினாலும் உண்டாகும். 1880இல் க்யூரி சகோதரர்கள் அழுத்தத்தால் மின்சாரம் வருவதைக் காட்டிய படிகங்களில் டூர்மலினும் ஒன்று. என் ஷோகேசில் இதைத் தினமும் பார்க்கிறேன். விளக்குச் சூட்டில் மற்ற கற்களைவிட டூர்மலின் மீதுதான் தூசி முதலில் படியும். துடைத்து வைத்தால் மாலைக்குள் மறுபடி. கடைக்காரர் துடைக்காமல் வைத்திருக்கிறார் என்று நினைக்க வேண்டாம், கல்லின் சுபாவம் அது.

சிவப்பு டூர்மலின் மாணிக்கமாக வாழ்ந்த காலமும் உண்டு. ஸ்வீடன் மன்னர் மூன்றாம் குஸ்தாவ் 1777இல் ரஷ்யப் பேரரசி கேத்தரினுக்குக் கொடுத்த பரிசு ஒன்று, திராட்சைக் கொத்துபோல் செதுக்கியது, 250 கேரட்டுக்கு மேல். சீசரின் மாணிக்கம் என்று பெயர் பெற்ற அது ரூபலைட் என்று பின்னால் தெரிந்தது. இன்றும் மாஸ்கோவில் கிரெம்ளினின் வைர நிதியத்தில் இருக்கிறது. சீனத்து அரசமாதா சிஷிக்கு இளஞ்சிவப்பு டூர்மலின் மேல் அவ்வளவு ஆசை. கலிபோர்னியாவின் சான் டியாகோ பகுதிச் சுரங்கங்கள் சீனாவுக்கு அனுப்பியே பிழைத்தன. 1912இல் அரச வம்சம் முடிந்ததோடு அந்த வியாபாரமும் படுத்துவிட்டது. அமெரிக்க நகைத் தொழில்துறை 1952இல் அக்டோபர் பிறந்தோர் கல்லாக ஓப்பலோடு பிங்க் டூர்மலினையும் சேர்த்தது. அந்தப் பட்டியல் வியாபாரிகள் போட்டது, நம் ராசிக்கும் நட்சத்திரத்துக்கும் அதில் சம்பந்தம் இல்லை.

சரி, உண்மைக் கல்லா என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்க வழி இருக்கிறது. பத்து மடங்கு லூப் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாய்தான். கல்லை மேசை வழியாகச் சற்றுச் சாய்த்துப் பார்த்து, அடிப்பக்கப் பட்டைகளின் விளிம்பைக் கவனியுங்கள். டூர்மலினில் ஒவ்வொரு விளிம்பும் இரண்டிரண்டு கோடாகத் தெரியும். ஒளியை இரண்டாகப் பிரிக்கிற சக்தி இதற்கு மாணிக்கத்தையும் மரகதத்தையும்விட இரண்டு மடங்குக்கு மேல். கண்ணாடி, ஸ்பைனல், கார்னெட் மூன்றிலும் கோடு ஒற்றையாகவே இருக்கும். ஒரு திசையில் இரட்டை தெரியாவிட்டால் கல்லைத் திருப்பிப் பாருங்கள், ஏதாவது ஒரு பக்கம் காட்டிக்கொடுக்கும். ஆய்வகத்தில் வளர்த்த டூர்மலின் நகைச் சந்தையில் இல்லை என்பது ஒரு நிம்மதி. ஆக, நம் பயம் கண்ணாடிக்கும் சாயமேற்றிய குவார்ட்சுக்கும்தான்.

பண்டுவம் பார்த்த கற்கள் வேறு விஷயம். கருநீலத்தையும் கரும்பச்சையையும் வெளுப்பாக்கச் சூடு வைப்பார்கள். அது நிலைத்த மாற்றம், குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வெளிறிய கல்லைக் கதிர்வீச்சில் வைத்துச் சிவப்பாக்குவதும் உண்டு. இதை ஆய்வகத்தாலும் கண்டுபிடிக்க முடிவதில்லை. கடும் வெயிலிலும் சூட்டிலும் அந்த நிறம் மங்கக்கூடும். நான் அதிகம் கவலைப்படுவது மூன்றாவதைப் பற்றி: வெடிப்புகளில் எண்ணெயோ ரெசினோ ஏற்றி மறைப்பது. சிவப்பு டூர்மலின் பெரும்பாலும் வெடிப்போடுதான் பிறக்கிறது, ஆகவே சிவப்பில் இது சகஜம். பச்சை பொதுவாகச் சுத்தமாகவே கிடைக்கும். எனவே பச்சையில் வெடிப்பு இருந்தால் பேரம் பேசுங்கள், சிவப்பில் வெடிப்பே இல்லாவிட்டால் கேள்வி கேளுங்கள்.

ரெசின் ஏற்றிய கல்லுக்குப் பட்டறைச் சூடு எமன். ஒரு வாடிக்கையாளர், வேறொரு இடத்தில் மோதிரத்தின் அளவைக் கூட்டக் கொடுத்து வாங்கி, என்னிடம் அழாத குறையாகக் கொண்டுவந்தார். கல்லைக் கழற்றாமலே பற்றவைத்திருக்கிறார்கள். ரெசின் கருகி, அதுவரை கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் வலைபோலத் தெரிய, ஓரிடத்தில் புதிதாக ஒரு விரிசல் குறுக்கே ஓடியிருந்தது. அந்தக் கல்லுக்கு எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வெடிப்பில்லாத டூர்மலினுக்கும் திடீர்ச் சூடு ஆகாது. மோதிரத்தை எந்தப் பட்டறையில் கொடுத்தாலும், "கல்லைக் கழற்றிவிட்டுப் பற்றவையுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லி, ரசீதிலும் எழுத வையுங்கள்.

நகை செய்யக் கொடுக்கும்போது அடியை மூடாமல் திறந்து வைக்கச் சொல்லுங்கள். நம் ஊர்ப் பழைய முறையில் கல்லுக்கு அடியில் தகடு வைத்து மூடிக் கட்டுவார்கள். சிவப்புக் கெம்புக்கு அது எடுக்கும். டூர்மலினை அப்படி மூடினால் பச்சை கறுத்துவிடும். கடினம் 7லிருந்து 7.5 வரை. வீட்டுத் தூசியில் கலந்திருக்கும் குவார்ட்சின் கடினம் 7 என்பதால் தினமும் போடுகிற மோதிரத்தில் பட்டை விளிம்புகள் நாளடைவில் மழுங்கும். தோடு, பதக்கம், மூக்குத்தி என்றால் பயமில்லை. மோதிரம்தான் வேண்டும் என்றால் கல்லைச் சுற்றித் தங்க விளிம்பு வருகிற பெசல் கட்டாகச் செய்யுங்கள். கழுவ வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, மென்மையான பிரஷ் போதும். கடைகளில் உள்ள அல்ட்ராசானிக் மெஷினும் நீராவியும் வேண்டாம்.

எடைக் கணக்கில் இந்தக் கல் நமக்குச் சாதகம். மாணிக்கத்தின் அடர்த்தி 4, டூர்மலினுக்கு 3.06 அளவில்தான், ஒரே கேரட்டில் டூர்மலின் பார்க்கப் பெரிதாக இருக்கும். அதனால் மாணிக்கத்துக்குச் செய்த மோதிரத்தின் கிண்ணத்தில் அதே கேரட் டூர்மலின் உட்காராது. கேரட்டை மட்டும் பார்க்காமல் மில்லிமீட்டர் அளவையும் கேட்டு வாங்குங்கள்.

ஜோதிடர் மரகதம் போடச் சொல்லி, பணம் இடிக்கும்போது பச்சை டூர்மலினை உபரத்தினம் என்று கொடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. கறுப்பு டூர்மலின் வளையல் கண் திருஷ்டிக்கு என்று விற்கிறார்கள். நம்பிக்கை அவரவர் விருப்பம். ஆனால் மரகதத்துக்குப் பதில் என்று வாங்கினால் அந்தப் பச்சையை மரகதத்தோடு ஒப்பிட்டே பார்ப்பீர்கள், அது எனக்கு வருத்தம். பச்சை டூர்மலினுக்குத் தன் பச்சை இருக்கிறது. புதினா இலையின் வெளிச்சமான பச்சையிலிருந்து காட்டுப் பச்சை வரைக்கும் நீளும். முதல் முறை வாங்குகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது வெளிச்சம் நன்றாக ஊடுருவுகிற நடுத்தரப் பச்சையோ, இளம் பிங்க்கோ எடுங்கள் என்றுதான். ரொம்பக் கருத்த கல் மலிவாகக் கிடைக்கிறது என்று எடுத்தால் நகையில் அது கறுப்பு ஓனிக்ஸ் கல் மாதிரி உட்கார்ந்துவிடும்.

கடைசியாக பில். ஹால்மார்க் தங்கத்தின் தரத்துக்கு மட்டும்தான், கல்லைப் பற்றி அது எதுவும் சொல்லாது. பில்லில் நகையின் மொத்த எடை, கல் எடை, கழித்துப் பார்த்த தங்க எடை மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். 1 கேரட் என்பது 0.2 கிராம், கல் எடையைத் தங்க விலையில் போட்டிருக்கிறார்களா என்று அங்கேயே கணக்குப் பாருங்கள். "கலர் ஸ்டோன்" என்று மொட்டையாக எழுதுவதை ஏற்காதீர்கள். இயற்கை டூர்மலின் என்ற பெயர், கேரட், மில்லிமீட்டர் அளவு, சூடு வைத்ததா, வெடிப்பு நிரப்பியதா என்ற விவரம் எல்லாம் எழுத்தில் வேண்டும். விலை கூடிய கல்லானால் ஜிஐஏ (அமெரிக்க ரத்தினவியல் நிறுவனம்) போன்ற ஆய்வகத்தின் சான்றிதழ் கேளுங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் கல் எத்தனை அழகாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.